ரெண்டு மணிச் சங்கும் ஒரு சர்வரும்

இணையத்தால் ஒழுக்கம் கெட்ட ஊர்கள் உலகத்தில் ஏராளம். இணையத்துக்கே ஒழுக்கம் கற்றுக்கொடுத்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அது கோலார் தங்கவயல். அதிலும் ராபர்ட்சன்பேட்டை. அதிலும் ஒரு வளையல் கடைக்கு மேலே, படியேறியதும் இடது கைப்பக்கம் இருக்கும் 'டீப் லெவல் ஹோஸ்டிங்' நிறுவனம்.

அதன் அதிபர் ஏனோக், சுரங்கத்தில் ஷிஃப்ட் பாஸாக இருந்தவரின் மகன். அப்பா பூமிக்கடியில் ஆட்களை மேய்த்தார். மகன் வெப்சைட்டுகளை மேய்த்தார். ஊர்க்காரர்களின் கடை, சர்ச், டியூஷன் சென்டர் என்று அறுபது வெப்சைட்டுகள், மும்பையில் எங்கோ ஒரு குளுகுளு அறையில் இருந்த ஒரே சர்வரில் குடியிருந்தன. அந்த சர்வரை அவர், சுரங்கத்தில் ஆள் இறங்கும் குழியின் பெயரால், 'ஷாஃப்ட்' என்பார். வெப்சைட்டுகள் 'லேபர்'. இரண்டுக்கும் மேலே, கர்த்தருக்குச் சற்றே கீழே, 'பேனல்'.

பேனல் என்றால் கன்ட்ரோல் பேனல். சர்வரை நிர்வாகம் செய்யக் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். யார் யார் வந்தார்கள் என்று எண்ணும். யார் எவ்வளவு இடம் அடைத்திருக்கிறார்கள் என்று அளக்கும். வருகிற போகிற மெயிலை எல்லாம் முகர்ந்து பார்க்கும். எல்லாவற்றையும் நகல் எடுக்கும். எடுத்த நகலைச் சரிபார்க்கும். வேண்டாததை அணைத்து வைக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஏனோக் ஒன்றையும் அணைக்கவில்லை. சம்பளம் கொடுத்த சூப்பர்வைசரைச் சும்மா உட்கார வைப்பது அவர் வம்சத்தில் கிடையாது.

இதெல்லாம் எத்தனை மணிக்கு நடக்க வேண்டும் என்று பேனல் பணிவோடு கேட்டது. மதியம் ரெண்டு மணி என்றார் ஏனோக். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்ட் மாற்றச் சங்கு ஊதிய நேரம். எண்ணுவதும் அளப்பதும் முகர்வதும் நகலெடுப்பதும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். சங்கு நின்று எத்தனையோ வருஷமாகியும் ஊரில் பாதிப் பேருக்கு ரெண்டு மணிக்குத்தான் பசிக்கிறது. சர்வருக்கு மட்டும் என்ன சலுகை?

ஆகவே தினமும் ரெண்டு மணிக்கு அறுபது வெப்சைட்டுகளும் ஒழுக்கமாக மூச்சடைத்து நின்றன.

இவ்வளவு உன்னதமான ஏற்பாட்டில் குறை கண்டுபிடித்த ஜீவன் ஒன்று உண்டு. ஐடா. ஆம்பூரிலிருந்து ஏனோக்கிடம் வேலைக்கு வந்து, ஸ்கெலட்டன் ஏரியாவில் மரியகுழந்தை ஆன்ட்டி வீட்டு முன்னறையில் குடியிருந்தவள். மகள் கம்ப்யூட்டர் கம்பெனியையே தூக்கி நிறுத்துகிறாள் என்று அவள் அம்மா ஆம்பூரில் தெருவுக்கே சொல்லி முடித்திருந்ததால், வேலை போனால் திரும்பிப் போக ஊர் இல்லை.

மரியகுழந்தை கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக்கும் கல்கல் பலகாரமும் செய்து விற்பவள். ஊரைவிட்டு பெங்களூருக்கும் துபாய்க்கும் போன தங்கவயல்காரர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. "வெப்சைட் போட்டுடலாம் ஆன்ட்டி, நான் கேரண்டி" என்று அவளை டீப் லெவலில் சேர்த்துவிட்டவளே ஐடாதான்.

"இன்னாமா ஐடா, உன் கேரண்டி மத்தியானம் ஆனா சுத்திகினே கீது?" என்றாள் மரியகுழந்தை, போனை நீட்டி. "ஞாயித்துக்கெழம ஆர்டர் தொறக்கறேன். பூசை முடிஞ்சி, சாப்ட்டு, ரெண்டு மணிக்குதான் எல்லாரும் போன கையில எடுப்பாங்க. பழம் ட்ரம்மு நெறைய ரம்முல ஊறுது. விக்கலன்னா நானும் அதுலயே எறங்கிட வேண்டியதுதான்."

"நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்றாள் ஐடா.

மறுநாள் 'சர்வர் சுமை உயர்மட்ட விசாரணைக் கூட்டம்' கூடியது. ஏனோக், மானிட்டரிங் மேனேஜர் வாசு, கணக்கு எழுதும் ஷில்பா, ஐடா. கம்பெனியில் வேறு மட்டம் இல்லாததால் எல்லாரும் உயர்மட்டம்.

"சார், லோடு நாப்பது காட்டுது. நாலு பேரு வேல செய்ற எடத்துல நாப்பது பேரு வரிசைல நிக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றாள் ஐடா.

"யாரும்மா அந்த நாப்பது பேரு?"

"நம்ம பேனல்தான் சார். எண்றது, அளக்கறது, நகல் எடுக்கறது. லேபர் ஒர்த்தருமே இல்ல. எல்லாம் சூப்பர்வைசருங்க."

"பேனல அப்டி பேசக்கூடாது" என்றான் வாசு, மெல்ல.

"தப்பா சொல்லல வாசு. ஒண்ணொண்ண வேற வேற நேரத்துல வச்சா போதும். நகலெடுக்கறத விடியகாலம் வச்சிடலாம்."

ஏனோக் எழுந்து நின்றார். "இன்னாமா பேசற? ஷிஃப்ட்டுன்னா ஒரே சங்கு. ஆளுக்கு ஒரு சங்கு ஊதனா அது சுரங்கமா, சாவு வூடா?"

"ஹவ்து சார், கரெக்ட் சார்" என்று ஷில்பா ஒரே கருத்தைக் கன்னடம், இங்கிலீஷ் என்று இரண்டு மொழிகளில் ஆமோதித்தாள்.

கூட்டம் தீர்க்கமான முடிவெடுத்தது. சுமை ஏன் ஏறுகிறது என்று கண்டறிய, சுமையைக் கண்காணிக்கும் இன்னொரு மென்பொருள் அதே சர்வரில் ஏற்றப்பட்டது. சுமை ஏறினால் அது எல்லாருக்கும் மெயில் போடும். அந்த மெயிலை பேனல் முகர்ந்து பார்க்கும். முகர்ந்ததில் சுமை ஏறும். ஏறியதும் இன்னொரு மெயில் போகும். சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டி, பேனலின் திருமுகத்தை நாள் முழுக்க அதில் ஓடவிட்டார்கள். லோடு அறுபதைத் தொட்டது. "இப்பதான் பிரச்சன க்ளியரா தெரியுது" என்று வாசு நெகிழ்ந்தான்.

சனிக்கிழமை காலை, யாரும் வருமுன், ஐடா நகலெடுப்பதையும் எண்ணுவதையும் விடியற்காலைக்கு மாற்றினாள்.

ரெண்டு மணி ஆயிற்று. அறுபது வெப்சைட்டுகளும் தடையில்லாமல் திறந்தன. அலுவலகத்தில் பீதி கிளம்பியது.

"சார்! கிராஃப் படுத்துடுச்சி சார்!" என்று வாசு அலறினான். டிவியின் தலையில் தட்டிப் பார்த்தான்.

ஏனோக் பேனலைத் திறந்தார். முகம் வெளுத்தது. "ரெண்டு மணிக்கு பாதிப் பேரு எறங்கல! சங்குல கை வச்சது யாரு?"

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி ஐடாவுக்கு வியர்த்தது.

"இன்னொரு வாட்டி கை வச்சே, ஆம்பூர் பஸ்ஸு எங்க நிக்கும்னு தெரியுமில்ல?" என்றார் ஏனோக். எல்லாவற்றையும் பழையபடி ரெண்டு மணிக்கே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஸ்பெஷல் டூட்டி. ரெண்டு மணிக்கு பேனல் முழுப் படையோடு இறங்கியது. அதே நேரம் பெங்களூரில் வயிறு நிறைந்த, துபாயில் இனிமேல்தான் நிறையப்போகும் தங்கவயல்காரர்கள் கேக் கேட்டு வந்து வாசலில் நின்றார்கள். லோடு தொண்ணூறு. மெயில் மேல் மெயில். டிவி சிவந்தது. அப்போது பேனலே மனமிரங்கி ஓர் ஆலோசனை வழங்கியது: 'அதிகம் பேர் வரும் வெப்சைட்டை இடைநிறுத்தலாம்.' கீழே அந்த வெப்சைட்டின் பெயர் இருந்தது. மரியகுழந்தை கேக்ஸ்.

"ஆஹா, என்னா மூள பாரு!" என்றார் ஏனோக். "ஐடா, அமுக்கு."

"சார், அது ஆன்ட்டியோட... இன்னிக்குதான் சார் ஆர்டரு... வரிசைல பாதிகூட அவங்க ஆளுங்க இல்ல சார்."

"ஆம்பூர் பஸ்ஸு..."

ஐடா அமுக்கினாள்.

லோடு சரிந்தது. கைதட்டல் எழுந்தது. ஆனால் முதலாவது போனால் இரண்டாவது முதலாவதாகிவிடும் என்பது கணித நியதி. அடுத்து அதிகம் பேர் வந்தது டியூஷன் சென்டர். அதையும் அமுக்கினார்கள். பிறகு ஆண்டர்சன்பேட்டை சர்ச். அது போனதும் ஒரு ஜவுளிக்கடை முதலிடத்துக்கு வந்து மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமை மதியத்துக்குள் அறுபதும் அடங்கின. டிவி முழுக்க ஒரே பச்சை, மழைக்காலத்துப் புல்வெளி மாதிரி.

அப்போதுதான் மரியகுழந்தை படியேறி வந்தாள். ஏனோக் அவளைக் கையைப் பிடிக்காத குறையாக டிவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாருங்கக்கா, லோடு ஜீரோ! சங்குக்கு எறங்குது, சங்குக்கு ஏறுது. எங்கப்பா இருந்து பாத்திருக்கணும்."

"என் கடைய யாரு மூடுனது?"

ஏனோக் வாசுவைப் பார்த்தார். வாசு டிவியைப் பார்த்தான். "சிஸ்டம்" என்றாள் ஷில்பா, இம்முறை ஒரே மொழியில்.

"நாந்தான் ஆன்ட்டி" என்றாள் ஐடா.

"தெரியும். காலைல காபிகூட குடிக்காம பின்வாசல்ல ஓடனியே."

அந்த நேரம் பார்த்து மணி ரெண்டடித்தது. பேனல் முழு மரியாதையோடு இறங்கியது. வந்தவர் யாருமில்லை என்று எண்ணியது. முகர ஒரு மெயில் இல்லை என்று முகர்ந்து பார்த்தது. ஒன்றுமில்லாததை நகலெடுத்தது, நகல் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தது. சரியாக இருந்தது. வாசு பழக்கதோஷத்தில் கைதட்டினான்.

"தட்டாத தம்பி" என்றாள் மரியகுழந்தை. ஏனோக்கிடம் திரும்பினாள். "ஒங்கப்பா ஷிஃப்ட்டுலதான் எங்க வூட்டுக்காரரு எறங்கனாரு. ஒங்கப்பா திட்டுவாரு, சம்பளத்த வெட்டுவாரு, எல்லாம் செய்வாரு. ஆனா பாரமா கீதுன்னு ஆளுங்கள மேலயே நிறுத்திட்டு, ஆளு எறங்கற கேஜு பொட்டிய வெறுமனே எறக்கி ஏத்தி, 'இன்னா லேசா ஓடுது பாரு'ன்னு ஒருநாளும் சொன்னதில்ல. கட்டுப்படியாவலன்னு சுரங்கத்த மூடுனாங்க, அதுல ஒரு நாயம் கீது. ஆளுங்க வராங்கன்னு கடைய மூடுனவன் நீ ஒர்த்தன்தான்யா."