எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போகிறவர்

மொன்றியலில் ஓர் இனம் இருக்கிறது. பனிக்காலத்தில் கண்ணில் படாது. ஆனி மாதம் பள்ளிக்கூடம் முடிந்து, வீட்டு வாசல்களில் காட்போட் பெட்டிகள் அடுக்கத் தொடங்கியதும் வெளியே வரும். அதன் பெயர் ‘சொல்லிவிட்டுப் போகிறவர்’. ரொறன்ரோப் பக்கம் குடிபோகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இனம்தான். மிச்சம் கால்வாசி சொல்லாமல் போனவர்கள். அவர்களைப் பற்றி நாங்கள் இன்றைக்கும் நல்லதாகக் கதைப்பதில்லை.

ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்களா? நீங்கள் எங்கள் ஆள் இல்லை. எங்களிடம் ஒருவர் கடன் சொல்லலாம், பொய் சொல்லலாம், கோயிலில் மைக்கைப் பிடித்து ஒரு மணித்தியாலம் பேசலாம், எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். சொல்லாமல் போனால் மட்டும் மறக்க மாட்டோம்.

ரொக்ஸ்பரோவில் இருக்கும் அருமைராசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கொம்பனி ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள பிரம்டனுக்கு மாறுகிறது, அவரும் மாறுகிறார். போவதற்கு முதல் அவருக்கு ஒரேயொரு ஆசை. ஆற்றங்கரைப் பூங்காவில் ‘அலைச்சாரல்’ இசைக்குழு பாடும்போது, புல்லாங்குழலில் தொடங்குகிற அந்தப் பழைய காதல் பாட்டை முன்வரிசையில் மனைவியோடு இருந்து கேட்க வேண்டும். சென்ட் லோரன்ட் மண்டபத்தில் நடந்த அவர்களுடைய கல்யாணத்தில் இதே குழு இதே பாட்டைப் பாடியது. அன்றைக்கு மாப்பிள்ளை படத்துக்கு நின்று நின்றே பாட்டு முடிந்துவிட்டது. அதனால் இந்தமுறை குழுத்தலைவர் சாரங்கனுக்கு முன்கூட்டியே போன் எடுத்தார். “தம்பி, என்ர பாட்டை மறந்திடாதையும். இதோட நாங்கள் இஞ்ச இல்லை.”

சரி, ஆசை இவ்வளவுதானே, வந்து இருந்து கேட்க வேண்டியதுதானே?

இருந்தாரா? வெயில் சரிய முதலே வந்து, மடக்குக் கதிரை இரண்டை மேடைக்கு நேரே விரித்து, ஒன்றில் மனைவி இந்திராதேவியையும் மற்றதில் தன் ஸ்வெட்டரையும் இருத்திவிட்டு, “ஒருக்கா ஆக்களுக்குச் சொல்லிப்போட்டு வாறன்” என்று எழும்பியவர்தான். ஊர் முழுக்க ஒரே புல்வெளியில் கிடைக்கும் நாள் இது. வீடு வீடாகப் போனால் வீட்டுக்கு வீடு தேத்தண்ணியும் வடையும் தின்ன வேண்டிவரும். இங்கே எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். அப்படித்தான் நினைத்தார், பாவம்.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரே காட்சி. கையைப் பிடிப்பார். தலையைக் கொஞ்சம் சரிப்பார். “என்ன செய்யிறது, போகத்தான் வேணும்.” எதிரில் நிற்பவர் மேடையைப் பார்த்துக்கொண்டே, “நல்ல இடம்தானே, எங்கட ஆக்கள் நிறையப் பேர்” என்பார். பாடகி நெஞ்சு வெடிக்கப் பாடிக்கொண்டிருப்பார். ஆர் கேட்டது? இப்படியே பாட்டுப் பாட்டாகத் தாண்டி, ரோல்ஸ் விற்கும் மேசைவரை போய்விட்டார்.

மேசையடியில் தியாகராசா நின்றார். வயதில் மூத்தவர், கோபத்தில் இன்னும் மூத்தவர்.

“அண்ணை, வாற கிழமை நாங்கள் பிரம்டனுக்கு மாறுறம். சொல்லாமல் போனால் சரியில்லை.”

“இப்பதான் சொல்லுறீரோ? உருத்திரமூர்த்திக்குப் போன கிழமையே சொல்லிப்போட்டீராம்.”

“அவரைக் கடையில கண்டனான், அண்ணை.”

“அப்ப நானும் கடையில வந்து நிக்கவேணுமோ? நான் என்ன, பிறத்தியாளோ?”

அந்த நேரம் பார்த்து மேடையில் சாரங்கன் மைக்கைப் பிடித்தார். “அடுத்த பாட்டு, எங்களை விட்டுப் போற அருமைராசா அண்ணைக்கும் இந்திராதேவி அக்காவுக்கும்!” சனம் கைதட்டி முன்வரிசையைப் பார்த்தது. அங்கே ஓர் அக்காவும் ஒரு ஸ்வெட்டரும் இருந்தார்கள்.

புல்லாங்குழல் தொடங்கியது. அருமைராசாவின் ஒரு கால் மேடைப் பக்கம் திரும்பியது. கை தியாகராசாவிடம் இருந்தது. இழுத்துக்கொண்டு ஓடலாம். ஓடினால், ‘கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை ஓடினவர்’ என்ற பெயர் அவருக்கு முதலே பிரம்டன் போய்ச் சேர்ந்துவிடும். நின்றார். “இல்லை அண்ணை, முதலில உங்களுக்குத்தான் சொல்ல இருந்தனான்…” முதல் சரணம் போனது. “போன் எடுத்தனான், நீங்கள் எடுக்கேல்லை…” இரண்டாவதும் போனது. தியாகராசா மனமிரங்கிக் கையை விட்டபோது சனம் மறுபடி கைதட்டியது. பாட்டு முடிந்துவிட்டது.

மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“இஞ்சாரும், என்ர பாட்டு முடிஞ்சுதோ?”

“ஓம். நல்லாப் பாடினவை.”

“எனக்கு ஒரு குரல் குடுத்திருக்கலாமே?”

“ஏன்? தியாகராசா அண்ணைக்குச் சொல்லாமல் வந்தால் குறையெல்லே.”

“சாரங்கனைக் கேட்டு இன்னொருக்கா…”

“இருங்கோ சும்மா.” இந்திராதேவி ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்தார். “ஊரெல்லாம் சொல்லுறியள். வேலையிடத்தில போறதுக்கு ஓம் எண்டு தலையாட்டின அண்டைக்கு எனக்குச் சொன்னனீங்களோ? துஷாந்தினி கோயிலில வைச்சு ‘அக்கா, போறியளாமே’ எண்டு கேட்டாப் பிறகுதான் எனக்கே தெரியும். ஒண்டும் விளங்காமல் நானும் ஓம் எண்டு சிரிச்சனான்.”

வெறுமையாயிருந்த கதிரையில் அருமைராசா இருந்தார். மேடையில் அடுத்த பாட்டுத் தொடங்கியது, யாரோ ஒருவருடைய பிறந்தநாளுக்கு. அதை இருவரும் கடைசிவரை கேட்டார்கள்.

நீங்கள் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போதே உள்ளே எங்கோ, ‘அருமைராசா போறாரோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!’ என்று சாடையாகச் சுட்டதா? கவலைப்படாதீர்கள். அவர் இன்னும் போகவில்லை, உங்கள் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார். போன் அடித்ததும் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

“எங்களுக்கு முதல் ஆருக்குச் சொன்னனீங்கள்?”