ஓரமாகப் போகச் சொன்னார்கள்

கல்லடி,
1938 கார்த்திகை 12

அன்புள்ள தம்பி சாமித்தம்பிக்கு,

உன் அக்கா சீதேவிப்பிள்ளை எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். கல்முனையில் உன் பெண்சாதியும் பிள்ளைகளும், நீ ஓட்டுகிற பஸ்ஸும் சுகமாயிருக்கக் கண்ணகை அம்மன் துணை நிற்பாளாக. அந்த பஸ்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய் காலை, டவுனில் புடைவைக் கடை வைத்திருக்கும் இப்றாஹிம் நனைந்தபடி சைக்கிளில் வந்து, "அக்கா, பொஞ்சாதி றபீக்காவுக்கு வயித்துக்குத்து தொடங்கிட்டு. சுறுக்கா வாங்க, சைக்கிள்ல ஏறுங்க" என்றார். ஊருக்கெல்லாம் பேறு பார்க்கிற மருத்துவிச்சி, நாற்பத்தெட்டு வயதில் சைக்கிள் கம்பியில் குந்திக்கொண்டு போவதா? நடக்கிறேன் என்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். பாலத்தின் நடுவில் பின்னால் ஒரு பஸ் வந்தது. ஏறலாமென்று கை காட்டினேன். நிற்கவில்லை. பாலத்துக் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டேன். குடை பறந்து வாவிக்குள் விழுந்தது. "ஓரமாப் போங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். தம்பி, அது உன் குரல். பாலத்தில் அதற்கும் மேல் ஓரம் என்றால் வாவிதான்.

அக்கரை சேர்ந்தால் கடைத்தெரு. ஓரமெல்லாம் வெங்காயச் சாக்கு, கடைப் பலகை, படுத்திருக்கும் மாடு, சுற்றிப் போகத் தெருவில் கால் வைத்தால் கார்க்காரன் ஏசுகிறான், விலகினால் வண்டில்காரன் "கண் தெரியலியா?" என்கிறான், பயந்து திரும்பினால் கடைக்காரர் "சாக்கில முட்டாமப் போங்க" என்கிறார், இதற்குள் செருப்பொன்று சாக்கடைக் கானுக்குள் போய்விட்டது, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், றபீக்கா அங்கே கத்திக்கொண்டிருப்பாளே என்று நெஞ்சு அடிக்கிறது. அப்போதுதான் இப்றாஹிம் சைக்கிளைத் தெருவுக்குக் குறுக்கே படுக்கப் போட்டார். கைகளை விரித்துக்கொண்டு, "மருத்துவிச்சி போறா! எண்ட பொஞ்சாதிக்குப் புள்ள பொறக்கப் போகுது! எல்லாரும் நில்லுங்க!" என்றார். வண்டில் நின்றது, கார் நின்றது. ஏசின கார்க்காரனே இறங்கி மாட்டை விரட்டினான். ஒற்றைச் செருப்பும் கையுமாக ராணி மாதிரி நடந்தேன்.

போனபோது தலை வெளியே வந்திருந்தது; கழுத்தில் கொடி இரண்டு சுற்று. கழற்றி எடுத்தேன். நீலம் பாரித்திருந்த பெண்குழந்தை சற்றுப் பொறுத்துத்தான் அழுதது. றபீக்கா என் கையை விடவேயில்லை. அந்தச் சாக்குகளுக்கு நடுவே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால்? அதன்பின் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் தனியே திரும்பினேன். அதே தெரு, அதே ஏச்சு. ஒருவரும் விலகவில்லை. எனக்காவது காலையில் முன்னால் நின்று கத்த ஒருவர் இருந்தார் தம்பி. நடந்து போகிறவர்களில் யாருக்கு என்ன அவசரம் என்று முகத்தில் எழுதியா இருக்கிறது? மருந்துக்கு ஓடுகிறவரும் இருப்பார், செத்தவீட்டுக்குப் போகிறவரும் இருப்பார். பஸ்ஸில் ஏறி உட்காரும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்.

உன் பெண்சாதி புஸ்பத்துக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும்.

உன்மேல் கோபம் தீராத, ஆனால் அன்புள்ள அக்கா,
சீதேவிப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஏறாவூரிலிருந்து அவசரமென்று கார் அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு கிழவர் நடுத்தெருவில் ஆறுதலாக, மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தார். டிறைவர் வேகத்தைக் குறைத்தார். "ஹோர்னை அடிங்க தம்பி, அவர் விலகுவார்!" என்று கத்தினது நான்தான். கிழவர் பதறி, வேலியோரத் தண்ணீருக்குள் இறங்கி நின்றார். அவர் எங்கே போகிறாரென்று நான் கேட்கவில்லை.