புரட்டாசி அன்னதானத்துக்கு நான் கொடுத்த கீரை

நாலு தொட்டியில் கீரை முளைத்துவிட்டால் மனுஷனுக்கு வாய் நீண்டுவிடும். என்னிடம் இருந்தது நாற்பது தொட்டி. வாய் எவ்வளவு நீண்டிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் பத்துக் குடும்பங்கள் தோட்டம் போட்டிருக்கிறோம். சேர்ந்த ஆறாவது மாதமே நான் விவசாய மேதையாகிவிட்டேன் (வீடியோ பார்த்துத்தான்). பக்கத்துக் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானம் பற்றிக் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

"கீரை வாங்கப் பாசாருக்கு யாரும் போகவேணாம். மலையிலேர்ந்து லாரியில வாடி வதங்கி வர்ற கீரை நமக்கு எதுக்கு? எண்பது பேருக்கும் நம்ம மாடியிலேர்ந்து நான் தர்றேன் லா!"

"மாடியில வளர்த்து எண்பது பேருக்கா?" என்று கோயில் செயலாளர் இழுத்தார். "பாருங்கண்ணே," என்றேன்.

நாள் நெருங்கியது. கீரை விரல் உயரத்தைத் தாண்டவில்லை. பயந்துபோய் வீடியோக்காரர் சொன்ன உரத்தைத் தயார் செய்தேன். மீன் குடலைச் சர்க்கரையோடு ஊறவைத்தது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கரண்டி என்றார் அவர். நான் அவசரத்துக்கு ஒரு குவளை ஊற்றி, வேருக்கும் விட்டு, இலைமேலும் தெளித்தேன். வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் ஒரு தெளிப்பு. அந்த வாரம் முழுக்க எனக்குச் சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது. கீரை மட்டும் மளமளவென்று வளர்ந்தது.

சனிக்கிழமை காலை மூன்று சாக்கோடு லிப்டில் இறங்கினேன். ஒன்பதாவது மாடியில் ஏறியவர்கள் எட்டாவதிலேயே இறங்கிவிட்டார்கள். கோயில் காரியத்துக்கு எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போனேன்.

கோயில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் சரசு அக்கா சாக்கைப் பிரித்தார். பிரித்த வேகத்திலேயே கட்டினார்.

"தம்பி, இது கீரையா, கருவாடா?"

"கீரைதான்க்கா. ஆர்கானிக்."

"விரதத்துல சாமிக்கு மச்சம் படைக்கச் சொல்றியா? வெளிய கொண்டு போ!"

மஞ்சள் தண்ணீரில் முக்கினோம், மூன்று தடவை அலசினோம். நாற்றம் அசையவில்லை. பாசாருக்கு ஓடினால் பந்தி நடந்துவிடும். ஆனால் மாடித்தோட்டத்தை அதற்கப்புறம் யாரும் நம்பமாட்டார்கள். செயலாளர் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாக்குகளோடு திரும்பி வந்தபோது காக் மரியம் எதிரே வந்தார். எங்கள் தோட்டத்துக்கு அந்த மலாய்க்கார அக்காதான் தலைவி. லிப்டிலிருந்து பாதியில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். நடந்ததைச் சொன்னேன்.

"அலாமாக்! சாமிக்குன்னு முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று மலாயில் திட்டிக்கொண்டே மாடிக்கு ஓடினார். எங்களோடு தோட்டம் போட்டிருக்கும் சீனப் பெரியவர் 'தான்' அங்கிளையும் கதவைத் தட்டி இழுத்துப்போனார். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் தங்கள் தொட்டிகளை மொட்டையடித்துவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் மகளுக்கென்று காக் மரியம் விட்டுவைத்திருந்த பயற்றங்காயும் கூடைக்குள் விழுந்தது.

"இதுக்கு என்ன உரம்?" என்று சரசு அக்கா விசாரித்தார். அரிசி கழுவிய தண்ணீர் என்றார் காக் மரியம். தான் அங்கிள் நேர்மையானவர், முட்டை ஓடும் போட்டதாகச் சொன்னார். சரசு அக்காவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இலை போட்டார்கள். எண்பது பேருக்கும் கீரை இருந்தது, செயலாளர் இரண்டு தடவை கேட்டு வாங்கினார். அந்தச் சாமியைக் கும்பிடாத இரண்டு பேர் அந்தப் பந்தியைக் காப்பாற்றியதை நினைத்து மூக்கை உறிஞ்சினேன் (சளியும் ஒரு காரணம்). ஊருக்கு ஒருத்தன் தனியாகச் சோறு போட முடியாது, பக்கத்து வீட்டுத் தொட்டியும் சேர்ந்தால் முடியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்றுவரை அந்த நன்றி தீரவில்லை.

இப்போதெல்லாம் புரட்டாசி வெள்ளிக்கிழமையானால் என் குடும்பம் முழுக்க வேடிக்கை பார்க்க மாடிக்கு வந்துவிடும். காக் மரியம் என் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்வார். தான் அங்கிளிடம் நீட்டுவார், அவரும் முகர்வார். பிறகு காக் மரியம் சரசு அக்காவுக்குப் போன் போட்டு, தமிழில் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லுவார்:

"சைவம்!"

அதற்கப்புறம்தான் என் கீரையை அறுக்க எனக்கு அனுமதி.