தின்றால் பலிக்காத இலை

மனிதகுலத்தின் தொப்பையை ஒரு காட்டு இலையின் சாறு கரைக்கப்போகிறது என்பது அன்று காலை உறுதியாயிற்று. சாறு கலந்த தீனியைத் தின்ற எலிகள் மட்டும் கரையவில்லை.

"இன்னொரு தடவை நிறுத்துப் பாரும்மா," என்றார் பேராசிரியர்.

"மூணு தடவை நிறுத்தாச்சு சார்," என்றாள் ஆய்வு மாணவி. "மேல்தட்டு எலிங்க இலைச்சாறு கலந்த தீனியைத் தின்னுட்டு பூசணிக்காயாட்டம் உக்காந்திருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தீனி போட்டோமே, கீழ்த்தட்டு எலிங்க, அதுங்கதான் இளைச்சிருக்கு."

அடுத்த மாதம் நிதி தரும் ஆய்வுக்குழு பார்வையிட வருகிறது. இலை பலிக்கவில்லை என்றால் இந்த ஆய்வுக்கூடம் மண்ணியல் துறைக்குப் போய்விடும். அந்தத் துறைக்காரர் ஏற்கெனவே நாடா பிடித்துச் சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

பேராசிரியர் மூக்கை உறிஞ்சினார். அறை முழுக்க இலை வாசம்.

"வாசம்தாம்மா காரணம். மேலேருந்து கீழே இறங்குது. வெறும் தீனி எலியையெல்லாம் மூணாம் மாடிக்குக் கொண்டு போ."

மூணாம் மாடியில் அவை துரும்பாய் இளைத்தன.

பேராசிரியரே மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தார். தீனிக்கிண்ணங்கள் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. அவரைக் கண்டதும் எலிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றன.

"ஒரு பருக்கை மிச்சமில்லை. வயிறாரத் தின்னுட்டும் இளைக்குது. சுறுசுறுப்பைப் பார்த்தியா?"

"இங்கே வாசமே இல்லையே சார்?"

"உன் மூக்குக்கு இல்லை. எட்டாத அளவுலதான் அது வேலை செய்யுது. தூரம் கூடக் கூட வீரியம் கூடுது."

சொன்ன பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். அதன்பின் தினம் நாலு தடவை மாடியேறி எலி பார்த்தார். மூன்றே வாரத்தில் அவருடைய இடுப்புவார் ஒரு துளை உள்ளே போயிற்று.

"என்னங்க, தொப்பை குறைஞ்சிருக்கு?" என்றாள் மனைவி.

"இலை," என்றார் அடக்கமாக.

ஆய்வுக்குழு வந்தது. மண்ணியல்காரரும் சட்டைப்பையில் நாடாவோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் திரையில் கோடுகளை ஏற்றி இறக்கிக் காட்டி, "இதைத் தின்ன வேண்டியதில்லை. தள்ளி இருந்தாலே போதும்," என்று முடித்தார்.

"நாலாம் மாடியில வச்சா?" என்றார் குழுத் தலைவி, நாற்காலி நுனிக்கு வந்து.

"நமக்கு மூணு மாடிதான் மேடம்."

"எங்க கட்டடத்துல எட்டு மாடி இருக்கு. தர்றோம்."

மண்ணியல்காரர் வாடிய முகத்தோடு எழுந்து கதவருகே போனார். அங்கே எலிகளுக்குத் தீனி வைக்கும் ஊழியர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்துத் தலைவி கேட்டார்:

"பெரியவரே, தினமும் கூட இருக்கிறவர் நீங்கதான். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எட்டு மாடியெல்லாம் என்னால ஆகாதும்மா," என்றார் அவர், முழங்காலைத் தடவிக்கொண்டே. "முட்டி தேஞ்சுபோச்சு. மேல்தட்டுக்குத் தினமும் தீனி வச்சிடுவேன். கீழ்த்தட்டுன்னா குனியணும், அதனால ஒருநாள் விட்டு ஒருநாள். மூணாம் மாடிக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் ஏறுவேன்."