மோட்டார் கொட்டாயில் பதிமூன்று பேர்

திருப்புலிவனம்,
மார்கழி 25, வெள்ளி

மரியாதைக்குரிய மோகன் மச்சான் அவர்களுக்கு,

வரதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை கீதாவும் தங்கள் மருமகன் ஜெகனும் சுகம். செங்கல்பட்டில் தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க நம்ம ஊர் ஈஸ்வரனை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் கீதா காதில் விழும், விழுந்தால் பையன் பக்கம் சேர்ந்துகொள்வாள்.

விஷயம் என்னவென்றால், ஜெகன் ஒரு பேண்டு ஆரம்பித்திருக்கிறான். பெயர் ‘மதகு’. ஃபங்க் என்று ஒரு வகைப் பாட்டாம். அதில் ஜாஸ் கொஞ்சம், டிஸ்கோ கொஞ்சம், நடுவில் சாம்சன் என்று ஒரு பையன் மூச்சு விடாமல் யாரையோ சண்டைக்கு இழுப்பதுபோல் பேசுகிறான், அது ஹிப்ஹாப்பாம். நெல்லில் ஈரம் ஜாஸ்தி என்று கொள்முதலில் திருப்பி அனுப்புவதை வைத்தே ஒரு பாட்டு கட்டியிருக்கிறான். மொத்தம் பதிமூணு பேர். கிரிக்கெட்டுக்கே பதினொண்ணு போதும், உனக்கு எதுக்குடா பதிமூணுன்னு கேட்டால், “ஊதறதுக்கே ஆறு பேர் வோணும் நைனா” என்கிறான். முதலில் வீட்டில்தான் வாசித்தார்கள். ஃப்யூஸ் போனது, சாமி ரூமில் படம் விழுந்தது, கீதா எல்லோருக்கும் டீ கொடுத்து மோட்டார் கொட்டாய்க்கு அனுப்பிவிட்டாள். அந்தக் கொட்டாய் பத்துக்குப் பத்து. ஜெகன் ஊதுகிற டிராம்போன் குழாயை நீட்டினால் பாதி கதவுக்கு வெளியே போகிறது, வரப்பில் வருகிறவர்கள் குனிந்து போகிறார்கள். ஹார்டுவேர் கடை ஹபீபுல்லா பாய் மகன் ஷகீல், பேஸ் கிட்டார் என்று தடித்தடியாய் நாலு கம்பி கட்டினதை வைத்திருக்கிறான். அதை அவன் தட்டினால் தகரமெல்லாம் நடுங்கி ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் நின்றுவிடுகிறது. ஒரு பாட்டுக்கு மூணு தரம் ஓடிப்போய் நான் மோட்டாரைப் போட வேண்டியிருக்கிறது.

முப்பது வருஷம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வருஷம் காத்திருந்து வாங்கின இலவச சர்வீஸ் மச்சான் அது. பயிருக்குத் தண்ணி இறைக்க மட்டும்தான் கரண்ட், வேறெதுக்கு இழுத்தாலும் சர்வீஸைப் புடுங்கிடுவாங்க. நெல் இப்போ பால் பிடிச்சு நிக்குது, இன்னும் மூணு வாரம் தண்ணி இல்லன்னா எல்லாம் பதருதான். இதைச் சொன்னா ஜெகன், “தோ, முடிச்சிட்டோம் நைனா”ன்னு அடுத்த பாட்டு ஆரம்பிக்கிறான்.

செவ்வாய்க்கிழமை நான் பயந்தது நடந்துபோச்சு. கரண்ட் ஆபீசுக்குப் புதுசா வந்திருக்கிற சோபியா மேடம் நேரா கொட்டாய்க்கே வந்துட்டாங்க. உள்ளே பதிமூணு பேர், அத்தனை ஒயரும் நம்ம ஸ்விட்ச் போர்டுல.

“இன்னாய்யா இது?”ன்னாங்க.

எனக்கு வாய் குழறிடுச்சு. என்ன சொல்றோம்னே தெரியாம, “மயில் ஓட்டறதுக்கும்மா. நெல்லைக் கொத்திப் பாழ் பண்ணிக்கினு கீது”ன்னுட்டேன்.

“மயில் ஓட்டறதுக்கு ரெண்டு சாக்ஸபோனா?”

“ஒண்ணு அந்தாண்ட பக்கத்துக்கு, ஒண்ணு இந்தாண்ட பக்கத்துக்கும்மா.”

அந்தம்மா சிரிக்கவே இல்ல மச்சான். “சனிக்கிழமை காலைல வர்றேன். என் கண்ணு முன்னால மயில் ஓடணும். ஓடலைன்னா சர்வீஸ் கட்”னு எழுதிக்கினு போயிட்டாங்க. இப்போ என் தலைவலி இன்னான்னா, நம்ம வயல்ல பத்து நாளா ஒரு மயில் கண்ணுல படல. எதை ஓட்டிக் காட்டறது? எங்கயாவது போய்ப் புடிச்சினு வரலாம்னா அது அதைவிடப் பெரிய கேஸ். போன மாசம் வரைக்கும் கூட்டங்கூட்டமா மேஞ்சுதுங்க, எனக்கு வேணும்ன்றப்போ எங்க போய்த் தொலைஞ்சுதுங்களோ.

ஆகவே மச்சான், நாளை முதல் பஸ்ஸுக்கே வந்து, அந்தம்மாவிடம் ஆபீஸ் பாஷையில் பேசி சர்வீஸைக் காப்பாற்ற வேண்டும். தாய்மாமன் என்கிற முறையில் ஜெகனைக் கண்டித்து, இந்தப் பேண்டை அடியோடு நிறுத்த வேண்டும். நானும் இன்று அவனிடம், சனிக்கிழமையோடு என் கொட்டாயைக் காலி பண்ணு என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விட்டுப்போக வேண்டும்.

இப்படிக்கு,
உறங்காத
வரதன்

பி.கு.: ஞாயிறு சாயங்காலம். வெள்ளிக்கிழமை இதைக் கண்டக்டர்கிட்ட கொடுத்தனுப்ப ஓடினேன், பஸ் போய்விட்டது. மேலே எழுதினதை மறந்துவிடுங்கள். நேற்று அந்தம்மா வந்தார்கள். நம்ம வயலில் மயிலே இல்லை. அப்போது பக்கத்து வயல் கோபால் கத்தினான், “இங்க கீதும்மா! பத்து நாளா எல்லாம் என் நெல்லைத்தான் துன்னுதுங்க. இவன் வூட்டுச் சத்தம் தாங்காம ஓடியாந்துச்சுங்க!” அந்தம்மா அதையே சாட்சியாக எழுதிக்கொண்டு, வரப்பில் நின்று ரெண்டு பாட்டு முழுசாகக் கேட்டார்கள், சர்வீஸ் பிழைத்தது. நானும் அப்போதுதான் முழுசாகக் கேட்டேன் மச்சான், நல்லாத்தான் வாசிக்கிறானுங்க. ஆனால் பாட்டு முடிந்த கையோடு கோபால் பதிமூணு பேருக்கும் நாஷ்டா வாங்கிக் கொடுத்து, அறுப்பு வரைக்கும் தன் பெரிய கொட்டாயிலேயே இருக்கச் சொல்லிக் கூட்டிப் போய்விட்டான். “நீதானே நைனா காலி பண்ணச் சொன்னே” என்கிறான் உங்கள் மருமகன். உடனே கிளம்பி வந்து, பெத்தவன் நிலத்தில் வாசிக்கச் சொல்லிப் புத்தி சொல்லுங்கள். நேற்று மத்தியானமே முப்பது மயிலும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நானும் கீதாவும் காலையிலிருந்து வரப்பில் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறோம், ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.