உலைக்குப் பசிக்கிறது, மாமா

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவது முறை, தொடங்கியாகிவிட்டது. உங்கள் போன் கிடைக்கவில்லை, அதனால் நீங்கள் தங்கியிருக்கும் ஹோட்டலின் மின்னஞ்சலுக்கு உண்மையை எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போக, நம் கண்ணாடி உலை ஒன்றும் கடை அல்ல. இரவு பகலாக எரிவாயுவில் எரிய வேண்டும், வாயில் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழம்பு ஒருமுறை ஆறி இறுகினால் உலையோடு சேர்ந்து கல்லாகிவிடும். பிறகு இடித்துத்தான் எடுக்க வேண்டும். மணல் மலைபோல் கிடக்கிறது. அதை உருக வைக்கும் சோடா ஆஷ்தான் இல்லை. பக்கத்திலேயே கொடுத்துக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டு, கடல் தாண்டி மலிவாக வாங்கலாம் என்று கிளம்பியவர் நீங்கள்; வழியில் சண்டை வரும் என்று நான் சொன்னபோது "நீ மெஷினப் பாரு, உலகத்த நான் பாத்துக்கறேன்" என்றவரும் நீங்கள். இப்போது நம் மூட்டைகள் ஏதோ ஒரு கடலில் போர்க்கப்பல்களுக்குப் பின்னால் நிற்கின்றன, நீங்கள் விமானம் இல்லாமல் அங்கே நிற்கிறீர்கள், நான் உலை முன்னால் நிற்கிறேன்.

சோடா இல்லாமல் உருகுவது ஒன்றுதான்: ஏற்கெனவே கண்ணாடியாக இருக்கும் கண்ணாடி. ஆலையின் உடைசல் குவியல் தீர்ந்தது. பழைய சாமான் கடைகளுக்கு ஓடினேன். எனக்கு முன்பே மற்ற ஆலைக்காரர்கள் துடைத்துப் போயிருந்தார்கள். அப்போதுதான் விஷயம் தெரியக் கூடாதவருக்குத் தெரிந்தது. "கண்ணாடிதானடா வேணும்? அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்று அத்தை சுத்தியலோடு எழுந்தார். வீட்டுக் கண்ணாடி உலைக்கு எந்த மூலைக்கும் காணாது என்றேன். "பேசாம தூக்குடா." ஷோகேஸ் போயிற்று. நிலைக்கண்ணாடி போயிற்று. ஜன்னல்களில் இப்போது அட்டை. பிறகு தெருவில் இறங்கினார். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளிருந்தே "டிவிய மட்டும் விட்டுடுங்கம்மா" என்றார். கடைசியாக உங்கள் அலமாரியை நகர்த்தினோம். பின்னால் இருந்த பாட்டில்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எல்லாம் காலி, எல்லாம் பச்சை. அத்தை ஒவ்வொன்றாக எடுத்து, தேவைக்கு மேல் நொறுக்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் போரைப் பற்றிய பயம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

பச்சை கலந்தால் வெள்ளை பாட்டில் வராது என்பது உங்களுக்கே தெரியும். பாசி நிறத்தில் வந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். "ஒழுகாதில்ல தம்பி? அது போதும். ஆஸ்பத்திரியில மருந்த டம்ளர்ல ஊத்திக் குடுக்கறாங்க" என்று பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன், மாமா. எதற்கும் பதறாத நம் உலைக்காரர்கூட உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், மட்டம் எறங்குது" என்று என் காதுக்குள் சொல்கிறார், சத்தமாகச் சொன்னால் உலைக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

ஆனாலும் நீங்கள் கலங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பழைய ஜன்னல்கள் ஒரு லாரி வந்திருக்கின்றன, வாரக் கடைசி வரை தாங்கும். அதற்குள் கப்பல் வந்தால் உலை பிழைத்தது, எல்லோருடைய வேலையும் பிழைத்தது, நீங்களும் தைரியமாகத் திரும்பலாம், அலமாரி விவகாரம் நீங்கலாக. வேளைக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், அங்கே யாரிடமும் மலிவாக எதையும் வாங்கிவிடாதீர்கள்.

இன்று மட்டும் பணிவு சற்றுக் குறைந்த,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: அனுப்புவதற்குள் கப்பல் வந்துவிட்டது! வாசலில் மூட்டைகள் இறங்குகின்றன. கூடவே எரிவாயுக்காரரும் வந்தார். சண்டை முடியும்வரை ஆலைகளுக்கு எரிவாயு கிடையாதாம், நாளைக்கே வால்வை மூடுகிறார்களாம். விறகால் அந்தச் சூடு வராது என்று அத்தையிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் உங்கள் கட்டிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நல்லா காஞ்ச மரம்டா" என்கிறார்.