பிள்ளை தேடும் திருப்பணி

பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராத கொடுமையை ஒழிக்க, உலகம் தோன்றிய நாளிலிருந்து இத்தனை பெரிய மனிதர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்ததில்லை. குடித்து முடித்ததும் 'வீடு தேடி வருகிறோம்' திட்டம் பிறந்தது. பள்ளியின் ஆசிரியர் அத்தனை பேரும் வராத பிள்ளையின் வீட்டுக்கே போய்க் கையோடு அழைத்து வருவார்கள். வீட்டிலும் அகப்படாவிட்டால் பெயர் நீக்கம். என்னே கருணை!

செய்தி, கட்டட வேலை செய்யும் சித்தாள் ஒருத்தியின் காதிலும் விழுந்தது. அவள் செங்கல் சுமக்கப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த மகள்தான். பள்ளிக்கூடம் அவளுக்குத் தூரத்துச் சொந்தமாகிப் போனது அப்படித்தான். பெயரும் போய்விட்டால் நாளைக்கு அவளும் சாந்துச்சட்டிதான் தூக்க வேண்டும். சித்தாள் அன்று வேலைக்குப் போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்து, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.

கேட்டில் பூட்டு. உள்ளே காவலாளி மட்டும்.

"வாத்தியாருங்க எங்கண்ணே?"

"ஒரு பொண்ணு ரொம்ப நாளா வர்றதில்லையாம். தேடிப் போயிருக்காங்க. தண்ணித்தொட்டிப் பக்கத்து வீடு, அம்மா சித்தாளாம்."

"ஐயோ, அது நாங்கதாண்ணே! இந்தா நிக்கிறா பாருங்க! ஒரு போன் போடுங்க."

"தேடும்போது போனை அணைச்சு வெக்கணும்னு உத்தரவும்மா. கவனம் சிதறுமாம்."

"மத்த பிள்ளைங்க?"

"அதுங்கள வீட்டுக்கு அனுப்பியாச்சு. தெனம் ஒழுங்கா வர்றதுங்கதானே, படிக்கலேன்னா என்ன?"

"கேட்டையாவது தொறங்கண்ணே. உள்ள உக்காந்திருக்கட்டும்."

"வாத்தியார் இல்லாத எடத்துல பிள்ளைய விட்டா அது 'கல்விப் புறக்கணிப்பு'. எனக்கு மெமோ வந்துடும், தாயி."

"வீட்டுக்கே ஓடிடலாமாம்மா?" என்றாள் மகள்.

"நாம அங்க போறதுக்குள்ள அவங்க இங்க வந்து நிப்பாங்க. சும்மா இருடி."

வெயில் ஏறிய பிறகு ஜீப் வந்தது. பின்னால் வியர்த்து விறுவிறுத்து ஆசிரியர் படை. கல்வி அதிகாரி வண்டியிலிருந்து இறங்கும்போதே முழங்கினார்.

"வீடு பூட்டிக் கெடந்துச்சு. பேரை எடுத்தாச்சு. இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல வராத பிள்ளைன்னு ஒண்ணுகூடக் கெடையாது! மகத்தான வெற்றி!"

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். தட்டல் ஓய்ந்தபோதுதான் அவர் கண்ணில் சிறுமி பட்டாள்.

"பள்ளிக்கூட நேரத்துல பிள்ளை தெருவுல நிக்குது! யாரு பெத்தவ?"

"நான்தாங்கய்யா. என் பிள்ளை காலையிலயே வந்துட்டா. பள்ளிக்கூடம்தான் மட்டம் போட்டுடுச்சு" என்றாள் சித்தாள், இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டே. "அதைப் பெத்தவங்க நீங்கதானே? ஏன்யா ஒழுங்கா அனுப்பல?"